ஒன்றுமில்லை, விடுங்கள்!

நம் இல்லங்களில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் மிகச் சாதாரணமாகத் தோன்றி, மிகுந்த காயம் விளைவிப்பது ஒன்று உண்டு. அது வசைச்சொல்லும் அன்று, சாபமும் அன்று. "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்பதே அது.

இரவு உணவு வேளை. வீட்டார் அனைவரும் கூடியிருக்கின்றனர். மகன் ஏதோ சொல்ல, எல்லாரும் சிரிக்கின்றனர். ஓரத்தில் அமர்ந்திருக்கும் பெரியவர், "என்ன சொன்னான்?" என்று கேட்கிறார். ஒருவர் திரும்பச் சொல்கிறார்; பெரியவருக்கு விளங்கவில்லை. மீண்டும் கேட்கிறார். அப்போதுதான் அந்த விடை வருகிறது: "ஒன்றுமில்லை, விடுங்கள்." பேச்சு அவரைத் தாண்டிப் போய்விடுகிறது.

சொன்னவர் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை. மூன்றாம் முறை எடுத்துரைக்கும் அளவுக்கு அச்செய்தி பெரியதும் அன்று. ஆயினும், கேட்டவர் உள்ளத்தில் அது, "உமக்குத் தெரிய வேண்டிய தேவையில்லை" என்றே பதிகின்றது. பத்து முறை கேட்டு இவ்விடையைப் பெற்றவர் பதினோராம் முறை கேட்பதில்லை. பிறர் சிரித்தால் தாமும் சிரிக்கிறார். தலையசைத்தால் தாமும் அசைக்கிறார். நாளடைவில் உணவை முன்னதாகவே முடித்துக்கொண்டு தம் கட்டிலுக்குச் சென்றுவிடுகிறார். "வயதாகிவிட்டது, அமைதியாகிவிட்டார்" என்று நாமும் அதற்கொரு பெயர் சூட்டிவிடுகிறோம்.

காது மந்தம் என்பது காதோடு நின்றுவிடும் குறை அன்று. அது மனிதரை வீட்டுக்குள்ளேயே வெளியூராராக ஆக்கிவிடக்கூடியது. இதற்கு மருந்துண்டா, கருவியுண்டா, வீட்டார் செய்யத்தக்கது என்ன என்பனவற்றை இம்மாதம் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

காதில் நிகழ்வது என்ன?

நம் உட்செவியில் நத்தைக்கூடு போலச் சுருண்ட சிறு உறுப்பு ஒன்று இருக்கின்றது. அதனுள் நுண்ணிய மயிர்கள் போன்ற முனைகளை உடைய உயிரணுக்கள் உள்ளன. பிறக்கும்போது ஒவ்வொரு காதிலும் இவை ஏறத்தாழ 15,000 இருக்கும். ஓசையின் அதிர்வை நரம்பு வழியே மூளைக்கு அனுப்பும் செய்திகளாக மாற்றுபவை இவையே. வயதின் காரணமாகவோ, ஓயாத இரைச்சலாலோ, சில மருந்துகளின் தீங்காலோ இவை மடிந்தால், மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை.

இவை எல்லாம் ஒரே நேரத்தில் மடிவதுமில்லை. கீச்சென்ற உயர்ந்த ஒலிகளை ஏற்கும் உயிரணுக்களே பெரும்பாலும் முதலில் கெடுகின்றன. தாழ்ந்த ஒலிகளை ஏற்பவை நெடுநாள் நிலைக்கின்றன. வீட்டில் எழும் பல மனத்தாங்கல்களுக்கு விளக்கம் இங்கேதான் இருக்கிறது. நம் பேச்சில் உயிரொலிகள் தாழ்ந்த சுருதியில் அமைந்து ஓசைக்கு வலிமை தருகின்றன. பொருளை வேறுபடுத்தும் மெய்யொலிகளோ பெரும்பாலும் மெல்லியவை, உயர்ந்த சுருதியுடையவை. 'பட்டு', 'கட்டு', 'தட்டு' என்னும் மூன்று சொற்களையும் எண்ணிப் பாருங்கள். முதல் மெய்யெழுத்தின் ஒலி காதில் விழவில்லையானால் மூன்றும் ஒன்றுபோலவே ஒலிக்கும். எனவேதான் பெரியவர்கள், "காது கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறாய் என்று புரியவில்லை" என்கிறார்கள். அது சாக்கு அன்று, முற்றிலும் உண்மை. பெண்களின் குரலும் குழந்தைகளின் குரலும் அவர்களுக்கு முதலில் மங்குவதும் இதனாலேயே. பேத்தி ஆசையோடு சொல்லும் கதை புரியாமல், பக்கத்து வீட்டு ஆண்குரல் மட்டும் புரிந்தால், "தாத்தாவுக்கு வேண்டியது மட்டும் கேட்கும்" என்று நகையாடுவது அறியாமையால் விளையும் அநீதி.

இன்னொரு புதிரும் உண்டு. மெதுவாகச் சொன்னால் கேட்கவில்லை என்கிறார், உரக்கச் சொன்னால், "ஏன் கத்துகிறாய், நான் செவிடனா?" என்று சினம் கொள்கிறார். உட்செவி கெட்டவர்களுக்கு மெல்லிய ஓசை காதில் ஏறாது. ஆனால் ஓசை சற்று வலுத்தாலோ, நம் காதில் விழும் அதே வேகத்தில், சில சமயம் தாங்கமுடியாத அளவில், அவர்கள் காதிலும் விழும். கேட்காமைக்கும் தாங்காமைக்கும் இடையிலுள்ள வெளி அவர்களுக்குக் குறுகிவிடுகிறது. முகத்தைச் சுளிப்பது வீம்பால் அன்று, வலியால்.

மறைப்பதும் தள்ளிப்போடுவதும்

கண் மங்கினால் கண்ணாடி அணிய நாம் கூசுவதில்லை. அதனை அறிவாளியின் அடையாளமாகக்கூட எண்ணுகிறோம். காது மங்கினால் மட்டும் ஏனோ கூச்சம். பேரிசைப் புலவர் பேத்தோவனும் இக்கூச்சத்திற்குத் தப்பவில்லை. 1802-ஆம் ஆண்டில் தம் உடன்பிறந்தாருக்கென எழுதி வைத்த மடலொன்றில், "உரக்கப் பேசுங்கள், எனக்குக் காது கேட்காது" என்று பிறரிடம் சொல்ல மனம் இசையாமல் தாம் மனிதரை விட்டு விலகி வாழ நேர்ந்ததை அவர் குமுறலோடு குறிப்பிட்டிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 31. பின்னாளில் கொம்பு வடிவக் கருவிகளைக் காதில் வைத்துப் பார்த்தார். 1818 முதல், தம்மைக் காண வந்தோர் சொல்ல விரும்பியதை எழுதித் தர ஒரு குறிப்பேட்டை உடன் வைத்திருந்தார். விலகி நின்ற மனிதர், உதவியை ஏற்றபின் மீண்டும் உரையாட முடிந்தது.

இக்குறை அரிதானதும் அன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏதேனும் ஓரளவு செவிக்குறை உடையோர் உலகில் 150 கோடிக்கு மேற்பட்டவர். அவர்களுள் மருத்துவமோ கருவியோ பயிற்சியோ தேவைப்படுவோர் ஏறத்தாழ 43 கோடி. 60 வயதைக் கடந்தோரில் நால்வருக்கு ஒருவர் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்குச் செவிக்குறை உடையவர். நம் தெருவில், நம் ஆலயத்தின் பின் பெஞ்சுகளில், ஒருவேளை நம் வீட்டிலேயே இவர்கள் இருக்கிறார்கள்.

தள்ளிப்போடுவதால் வரும் கேடு தனிமை மட்டுமன்று. முதுமை மறதி நோய் குறித்து 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு, 2024-இல் அந்நோய்க்கு வழிகோலும், ஆனால் நம்மால் திருத்தக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. செவிக்குறை அவற்றுள் ஒன்று. காதொலிக் கருவி அணிந்தால் மறதி வரவே வராது என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. 2023-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் 70 முதல் 84 வயது வரையிலான 977 பேரை 3 ஆண்டுகள் கவனித்தனர். அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது, கருவி பெற்றோருக்கும் பெறாதோருக்கும் அறிவுத்திறனில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் மறதி நோய்க்கு ஏதுவான பிற குறைகளும் மிகுந்திருந்த பிரிவினருள், கருவி பெற்றோருக்கு அறிவுத்திறன் தேய்வது 48 விழுக்காடு குறைந்திருந்தது. காலம் தாழ்த்தாமைக்கு இதுவே போதிய காரணம் அன்றோ?

முதலில் மருத்துவர், பிறகே கருவி

காது மந்தம் என்றதும் நேரே கடைக்கோ, கைபேசி விளம்பரத்திற்கோ ஓடிவிடலாகாது. கேளாமை அனைத்தும் ஒரே வகையினது அன்று. சிலருக்குக் காதுக் குறும்பி இறுகி அடைத்திருக்கும். மருத்துவர் அதனை எடுத்த கணமே காது கேட்கும். சிலருக்குச் சீழ் வடிந்து செவிப்பறையில் துளை விழுந்திருக்கும். மருந்தாலும் அறுவையாலும் குணமாக்கலாம். நடுச்செவியின் சிற்றெலும்பு இறுகிப்போன சிலருக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. இவ்வகையினருக்குக் கருவியை மாட்டிவிட்டு நோயை உள்ளே விட்டுவைப்பது பேதைமை. ஆகவே காது மூக்கு தொண்டை மருத்துவரைக் காண்பதே முதற்படி.

பாட்டி வைத்தியத்தில் சில நல்லவை உண்டு. ஆனால் காதில் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் பழக்கம் அவற்றுள் ஒன்றன்று. கொண்டை ஊசி, சாவி, தீக்குச்சி, கோழி இறகு ஆகியவற்றால் காது குடைவதும், வழியில் காது சுத்தம் செய்வோரிடம் காதை ஒப்படைப்பதும் செவிப்பறைக்கே ஆபத்து.

மற்றொரு எச்சரிக்கையை வீட்டார் அனைவரும் நினைவில் இருத்த வேண்டும். நேற்று வரை நன்றாகக் கேட்ட காது, இன்று காலையில் திடீரெனக் கேட்கவில்லையானால், அது அவசர நோய். "சளி பிடித்திருக்கிறது, தானாகச் சரியாகும்" என்று காத்திராமல், அன்றே, இயலாவிடில் மறுநாளே மருத்துவரிடம் செல்ல வேண்டும். முதற் சில நாட்களில் தொடங்கும் மருத்துவத்தால் பலருக்குக் கேள்வி மீள்கிறது. வாரங்கள் கழிந்தால் அந்த வாய்ப்பு நழுவிவிடும். ஒரு காதில் மட்டும் மந்தம், தலைச்சுற்று, சீழ், இடைவிடா இரைச்சல் என்பனவும் மருத்துவர் பார்க்க வேண்டிய குறிகள்.

மருத்துவர் பார்த்தபின் செவித்திறன் சோதனை நடைபெறும். ஓசை புகாத சிற்றறையில் அமர்த்தி, காதில் மெல்லிய ஒலிகளை எழுப்புவார்கள். கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். ஊசியில்லை, வலியில்லை. எந்தச் சுருதியில், எத்தனை டெசிபல் ஓசையில் கேட்கத் தொடங்குகிறார் என்பதைக் கோடாக வரைந்த தாளுக்கு 'ஆடியோகிராம்' என்று பெயர். கண்ணாடிக்குப் 'பவர்' சீட்டு எப்படியோ, கருவிக்கு இத்தாள் அப்படி. இந்தத் தாளின்றி, அஞ்சலில் வரவழைத்து மாட்டிக்கொள்ளும் மலிவுப் பெருக்கிகள் தட்டுமுட்டு ஓசைகளையும் பேச்சையும் ஒன்றுசேரப் பெருக்கிக் காதைப் புண்படுத்தவே செய்யும்.

கருவி தருவதும் தராததும்

அரசு அலுவலகங்களில் 'காதொலிக் கருவி' என்று எழுதுவதையே வீடுகளில் 'காது மிஷின்' என்கிறோம். அதன் உட்கூறு எளியது. ஓசையை வாங்கும் சிறு ஒலிவாங்கி, அதனைப் பெருக்கும் பகுதி, காதுக்குள் ஒலிக்கும் சிறு ஒலிபெருக்கி, இவற்றை இயக்கும் பட்டன் பேட்டரி, அவ்வளவே. சட்டைப்பையில் பெட்டியும் காதுக்குக் கம்பியுமாக முந்தைய தலைமுறையினர் அணிந்தது பலருக்கு நினைவிருக்கும். 1950-களின் தொடக்கத்தில் டிரான்சிஸ்டர் வந்தபோது, அதனை முதன்முதலாகப் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுள் காதொலிக் கருவியும் ஒன்று. 1990-களின் நடுவில் எண்முறையில் இயங்கும் கருவிகள் விற்பனைக்கு வந்தன. இன்று காதின் பின்புறம் பயறளவில் அமர்வனவும், காதினுள்ளே மறைவனவும் உள்ளன. ஆடியோகிராமில் எந்தச் சுருதி குறைந்திருக்கிறதோ அதனை மட்டும் வேண்டிய அளவு உயர்த்தும் வண்ணம் இவற்றைக் கணினி கொண்டு அமைத்துத் தருகிறார்கள். இரு காதிலும் குறையிருப்பின், பெரும்பாலும் இரண்டுக்கும் அணிவதே நன்று. ஓசை எத்திசையிலிருந்து வருகிறது என்று அறிவதற்கு இரு காதுகளும் வேண்டும்.

ஆயினும் ஓர் உண்மையை மறைக்கலாகாது. கண்ணாடி அணிந்த கணமே எழுத்து தெளிவாவது போலக் காதொலிக் கருவி அணிந்த கணமே பேச்சு தெளிவாவதில்லை. கெட்டுப்போன உயிரணுக்களைக் கருவி உயிர்ப்பிப்பதில்லை. எஞ்சியிருப்பவற்றுக்கு உதவுகிறது, அவ்வளவே. அமைதியான அறையில், ஓரிரு மீட்டர் தொலைவில் ஒருவர் பேசும்போது அதன் பயன் மிகுதி. திருமணப் பந்தியின் இரைச்சலில் குறைவு. இதனை முன்னரே அறிந்தவர் ஏமாறுவதில்லை. அறியாதவரோ முதல் வாரத்திலேயே கருவியை மேசை இழுப்பறையில் அடக்கம் செய்துவிடுகிறார்.

கடற்கரைப் பங்கொன்றில் நாம் அறிந்த இல்லத்தில் இதுவே நிகழ்ந்தது. குடும்பத் தலைவர் ஏறத்தாழ 30 ஆண்டுகள் விசைப்படகில், என்ஜினுக்கு அருகிலேயே கடலோடியவர். நாள்தோறும் 8 மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் உழைப்பவரின் காது மெல்லக் கெடும் என்பது மருத்துவம் கண்ட உண்மை. என்ஜின் அருகே ஓசை அதனினும் மிகுதி. கரையேறி ஓய்வு பெற்றபின் மந்தம் முற்றியது. வீட்டில் மூத்த பேத்திக்குத் திருமணப் பேச்சு நடந்தது. பெண் பார்க்க வந்தார்கள், பேசினார்கள், நாள் குறித்தார்கள். பெரியவர் அதே கூடத்தில் நாற்காலியில் அமர்ந்து எல்லாவற்றிற்கும் தலையசைத்தார். நான்காம் நாள் தேநீர்க் கடையில் நண்பர் ஒருவர், "பேத்திக்குத் தை மாதம் கலியாணமாமே!" என்று கேட்டபோதுதான் நாள் குறித்தது அவருக்குத் தெரிந்தது. தம் வீட்டுச் செய்தியைக் கடையில் கேட்டறிந்த அம்மனிதர், அன்று வீட்டில் எதுவும் சொல்லவில்லை. உண்ணவும் இல்லை.

காரணம் அறிந்த மகன் மனம் நொந்து, உடனே நகரத்துக்கு அழைத்துச் சென்று, கருவி வாங்கித் தந்தார். இரண்டு வாரம் அணிந்தார் பெரியவர். "உலகமே தகரக் கொட்டகை மாதிரி இரைகிறது" என்று கழற்றி வைத்துவிட்டார். "இவ்வளவு பணம் கொடுத்தும் போட மாட்டேன் என்கிறாரே" என்று மகனுக்கு வருத்தம். பிழை இருவர் பக்கமும் இல்லை. பல ஆண்டுகளாக அமைதிக்குப் பழகிய மூளைக்கு, மின்விசிறியின் சுழற்சியும் செருப்பின் உராய்வும் பாத்திரத்தின் ஓசையும் காக்கையின் கரைதலும் ஒரே நாளில் திரும்பி வந்தால் அது இரைச்சலாகவே தோன்றும். தம் குரலே பானைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்கும். எதை ஒதுக்குவது, எதை உற்றுக் கேட்பது என்று மூளை மறுபடி கற்றுக்கொள்ளச் சில வாரங்கள், சிலருக்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

மருமகள்தான் விடவில்லை. "மாமா, ஒருமுறை மறுபடி காட்டிவிட்டு வருவோம்" என்று அழைத்துச் சென்றார். ஆடியாலஜிஸ்ட் கருவியின் அளவைக் குறைத்து அமைத்தார். முதல் வாரம் நாளொன்றுக்கு 2 மணி நேரம், வீட்டுக்குள் மட்டும், ஒருவரோடு மட்டும் பேச்சு. அடுத்த வாரம் 4 மணி நேரம். பிறகு வாசல், பிறகு தெரு, இறுதியாகக் கடைவீதி, கோவில் என்று படிப்படியாகப் பழக்கச் சொன்னார். மாலை வேளையில் செய்தித்தாளை எதிரில் அமர்ந்து படித்துக் காட்டும் பொறுப்பை இளைய பேத்தி ஏற்றாள். மூன்றாம் மாதத்தில் பெரியவர் காலை எழுந்ததும் தாமே கருவியைத் தேடத் தொடங்கினார். திருமண வீட்டுச் செலவுக் கணக்கை அவரிடமே ஒப்படைத்தார்கள். இப்போதும் பந்தியில் அவருக்குச் சரியாகக் கேட்பதில்லை. ஆனால் யாரேனும் ஒருவர் அவர் பக்கம் திரும்பி, நடக்கும் பேச்சு இன்னது என்று சொல்லிவிடுகிறார். கருவி பாதி வேலையைச் செய்தது. மீதியை வீட்டார் செய்தார்கள்.

வீட்டார் கற்க வேண்டிய பாடம்

அந்த மீதிப் பாதி எது? அதற்குப் பணம் வேண்டியதில்லை; சற்றுப் பொறுமை போதும்.

அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் குரல் கொடுக்கும் பழக்கத்தை விடுவோம். கத்துவதைவிட அருகில் வருவதே மேல். முதலில் பெயரையோ உறவையோ சொல்லி அழைத்து, அவர் முகம் நம் பக்கம் திரும்பியபின் பேச வேண்டும். நம் முகத்தில் வெளிச்சம் விழட்டும். உதட்டசைவும் முகக்குறிப்பும் கேளாத எழுத்துகளை நிரப்பித் தருகின்றன. வாயில் கையை வைத்துக்கொண்டோ, வெற்றிலை மென்றுகொண்டோ, சன்னலுக்கு முதுகு காட்டி நின்றோ பேசலாகாது. இயல்பான குரலில், சற்று நிதானமாகப் பேசினால் போதும். தொலைக்காட்சியை ஒரு கணம் நிறுத்துவது பத்து முறை கத்துவதற்குச் சமம்.

புரியவில்லை என்றால் அதே சொற்களையே மும்முறை முழங்காமல் சொற்களை மாற்றிச் சொல்லுங்கள். "பட்டு எடுக்கப் போகிறோம்" புரியவில்லையா? "கலியாணப் புடவை வாங்கக் கடைக்குப் போகிறோம்" என்றால் புரியும். பேச்சு வேறு பொருளுக்குத் தாவும்போது, "இப்போது வீட்டு வரியைப் பற்றிப் பேசுகிறோம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், அவர் உடன்வந்துவிடுவார். நாள், நேரம், மருந்தின் அளவு போன்றவற்றை எழுதியே கொடுப்போம். பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் வசதி இன்று கைபேசியில் தமிழிலும் வந்துள்ளது. பேத்தோவனின் குறிப்பேடு இன்று சட்டைப்பையில் இருக்கிறது.

மிக முக்கியமானது, அவர் எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் பேசாதிருத்தல். மருத்துவரும் வங்கி ஊழியரும் மகனைப் பார்த்துக் கேட்டாலும், "அப்பாவிடமே கேளுங்கள்" என்று சொல்லும் மகன், தந்தையின் மதிப்பைக் காத்தவன்.

கேளாதவருக்கும் ஒரு சொல். கேட்காதபோது கேட்டதுபோல் தலையசைக்காதீர்கள். "எனக்குக் காது சற்று மந்தம், என்னைப் பார்த்து மெதுவாகச் சொல்லுங்கள்" என்று முதலிலேயே கூறிவிடுவதில் எந்த இழுக்கும் இல்லை. "என்ன?" என்று மட்டும் கேட்பதைவிட, "தை மாதம் என்பது கேட்டது, எந்தத் தேதி?" என்று கேட்டால், சொல்பவருக்கும் சலிப்புத் தட்டாது.

பராமரிப்பு

கருவிக்கு இரண்டு பகைவர்: ஈரமும் குறும்பியும். குளிக்கும்போதும் உறங்கும்போதும் கழற்றி, ஈரம் உறிஞ்சும் மணிகள் இட்ட சிறு டப்பாவில் வைக்க வேண்டும். கடலோர ஊர்களில் இது மிக இன்றியமையாதது. காதில் பொருந்தும் அச்சை உலர்ந்த துணியால் நாள்தோறும் துடைக்கவும். கருவி கீச்சிட்டால் பெரும்பாலும் அது சரியாகப் பொருந்தவில்லை, அல்லது காதில் குறும்பி சேர்ந்திருக்கிறது என்று அறியலாம். பட்டன் பேட்டரியின் மேலுள்ள ஒட்டுத்தாளை எடுத்ததும் காற்றுப் பட்டு அது இயங்கத் தொடங்கிவிடும். ஆகவே தேவைப்படும்போது மட்டும் பிரிக்க வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் பேட்டரிகளைப் பூட்டி வையுங்கள். விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

பணமில்லாதவர்க்கு

கருவியின் விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சத்தையும் தாண்டுகிறது. விலை கூடியதே நம் காதுக்கு ஏற்றது என்று எண்ண வேண்டியதில்லை. நம் ஆடியோகிராமுக்குப் பொருந்துவதும், பழுது பார்க்க ஆளிருப்பதும், திரும்பத் திரும்ப அமைத்துத் தர இசைவதுமே கவனிக்கத்தக்கவை.

இயலாதோர் அரசின் உதவியை நாடலாம். தமிழ்நாட்டில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் வழியாகத் தகுதியுடையோருக்குக் காதொலிக் கருவி விலையின்றி வழங்கப்படுகிறது. வறுமையிலுள்ள முதியோருக்கு உதவிக் கருவிகள் வழங்கவென்று மைய அரசு 2017-இல் தொடங்கிய 'ராஷ்ட்ரிய வயோஸ்ரீ யோஜனா' திட்டத்திலும் இக்கருவி இடம் பெற்றுள்ளது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்புடையவர் 'காது மந்தமானவர்' என்றும், 70 டெசிபல் இழப்புடையவர் 'காது கேளாதவர்' என்றும் கணிக்கப்படுவர். சான்றிதழுக்கு அரசு மருத்துவமனையின் சோதனைத் தாள் வேண்டும். இவ்வரம்புக்குள் வராதவரும், 40 அல்லது 50 டெசிபல் இழப்பிலேயே பேச்சை நழுவவிடுகிறார் என்பதை மறவாதிருப்போம். சான்றிதழ் கிடைக்கவில்லை என்பதால் குறையே இல்லை என்று ஆகிவிடாது. படிவம் நிரப்பவும், அலுவலகத்துக்கு உடன் செல்லவும் நம் பங்கின் இளைஞர்கள் முன்வந்தால், பல முதியோர் பயன்பெறுவர்.

ஆலயத்திலும் ஓரிடம்

உயர்ந்த கூரையுடைய நம் கோவில்களில் ஒலிபெருக்கியின் ஓசை சுவரில் மோதி எதிரொலிக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் கூடுமேயன்றி மறையுரை தெளிவாகாது. ஒலிபெருக்கிக்கு அருகில், வாசிப்பவரின் முகம் தெரியும்படி முன்வரிசையில் சில இடங்களைக் காது மந்தமானோர்க்கு ஒதுக்கலாம். வாசகம் படிப்பவர் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு நிறுத்திப் படித்தால், அவர்களுக்கு அதுவே பெரும் தொண்டு. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கிசுகிசுப்பது இவர்களுக்குக் கேளாது. உரக்கச் சொன்னாலோ வரிசையில் நிற்போர் காதிலும் விழும். இக்கூச்சத்தாலேயே ஒப்புரவை ஒத்திப்போடுவோர் உண்டு. தனியறை ஒன்றில், எதிரெதிரே அமர்ந்து செய்ய ஏற்பாடு வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் வீட்டார் ஒரு சொல் சொன்னால் போதும். திருவிழாக் காலத்தில் கூம்பு ஒலிபெருக்கிக்கு அடியிலும் வெடிக்கட்டுக்கு அருகிலும் சிறுவர்களை நிற்கவிடாதிருப்பது, நாளைய முதியோரின் காதுக்கு நாம் இன்று செய்யும் காவல்.

வாசக அன்பர்களே, இம்மாதம் ஒரு காரியம் செய்வோம். நம் வீட்டில், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறவர் யார், தொலைபேசியை எடுக்கத் தயங்குகிறவர் யார், கூட்டமாகப் பேசும்போது எழுந்து போகிறவர் யார் என்று கவனிப்போம். அவரைக் கேலி செய்யாமல், கட்டாயப்படுத்தாமல், "ஒருமுறை சோதித்துப் பார்ப்போமே, நானும் வருகிறேன்" என்று அழைப்போம். இழுப்பறையில் உறங்கும் கருவி இருந்தால் எடுத்துச் சென்று மறுபடி அமைத்து வருவோம். அதுவரைக்கும், அவர் "என்ன சொன்னாய்?" என்று கேட்கும்போது, எழுந்து அருகில் சென்று, முகம் பார்த்து, இன்னொரு முறை சொல்வோம். சொல்லும் செய்தி சிறியதாயிருக்கலாம். அதைக் கேட்கக் காத்திருப்பவர் நம் தந்தை, நம் தாய்.